மலைமகன் என்கிற என் சகலை

மதன்குமாரைப் பத்திச் சொல்லணும்னா அவன் பூட்ஸுல இருந்துதான் ஆரம்பிக்கணும். ஆளைவிட அதுக்குத்தான் மதிப்பு. கணுக்காலுக்கு மேல ஒரு சாண் ஏறி நிக்கும். அடியில டிராக்டர் டயர் கணக்கா பல்லு. தண்ணி உள்ள போகாதாம், முள்ளு ஏறாதாம், பாம்பு கொத்துனா பாம்புக்குத்தான் பல்லு போகுமாம். இம்புட்டையும் மாட்டிக்கிட்டு இவன் எங்க போறான்னு நினைக்கிறீக? சின்னமனூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கிற அவன் ஜெராக்ஸ் கடைக்கு. ஆதார் கார்டை ரெண்டு பக்கமும் பிரிண்டு எடுத்துக் கொடுக்கிறதுக்கு அப்படி ஒரு பூட்ஸு.

நான் பொன்னுராஜ், அவனுக்குச் சகலை. நான் மூக்கம்மாளைக் கட்டுனேன், அவன் அவ தங்கச்சி பவானியைக் கட்டுனான். மாமனார் வீட்டுல ரெண்டு பேரையும் ஒரே பந்தியில உக்கார வச்சுச் சோறு போட்டாக. எனக்கும் அவனுக்கும் உள்ள ஒற்றுமை அதோட சரி.

எனக்குத் தொழில் மலைமாடு. மலையடிவாரத்துல தொழு போட்டு இருபத்திமூணு உருப்படி வச்சிருக்கேன். மாடு புல்லுதான் திங்கும், அதுக்குச் சட்டம் தெரியாது. கீழ புல்லு எங்கன இருக்கு? பூராவும் திராட்சைப் பந்தலும் வாழையுமாக் கிடக்கு. எல்லைக்கல்லைத் தாண்டி மேல போனாத்தான் மாட்டுக்கு வயிறு நிறையும். தாண்டுனா ஃபாரஸ்டுல கேஸு. நான் ரெண்டு தடவை மாட்டியிருக்கேன். மூணாவது தடவை உள்ள பாத்தா மாடு பூராத்தையும் ஓட்டிட்டுப் போயிருவோம்னு எழுதிக் கையெழுத்து வாங்கி வச்சிருக்காக. அதுல இருந்து பச்சைச் சட்டை, தொப்பி, விசில் சத்தம், இந்த மூணுல எது வந்தாலும் எனக்கு ஈரக்கொலை நடுங்கும். எனக்கு மட்டுமில்ல, அடிவாரத்துல மாடு மேய்க்கிற அம்புட்டுப் பேருக்கும் அப்படித்தான்.

இந்த மதன்குமாரு ஒண்ணும் வெளியூர்ல இருந்து மலையைப் பாக்க வந்தவன் இல்ல. பொட்டிப்புரத்துக்காரன். அவங்க அப்பா அம்மாவாசி நாப்பது மாடு வச்சிருந்த மனுசன். செருப்பே போடமாட்டாரு. அவரு போயிச் சேர்ந்த மாசமே இவன் மாடு பூராத்தையும் வித்துட்டான். மாட்டு மூத்திர வாடை சட்டையில ஏறுதாம், கடையில கஸ்டமரு மூக்கைப் பொத்துறாகளாம். அவரு வளத்த செவலைக் காளையை நான்தான் பிடிச்சுக்கிட்டு வந்தேன். கழுத்துல கிடந்த வெங்கல மணியோட கொடுத்தான். அந்த மணியில ஒரு கீறல் உண்டு. அதனால சத்தம் கொஞ்சம் அடைச்சாப்புல வரும். வேற எந்த மணியும் அப்படிக் கேக்காது.

மாட்டை வித்து நாலு வருசம் கழிச்சு, ஐயாவுக்கு மலை மேல ஆசை வந்துருச்சு. போன்ல என்னத்தையோ பாத்துப் பாத்து, ஆம்பளைன்னா தாடி வச்சு, தடிச்ச துணி போட்டு, பாறை மேல நின்னு தூரத்தைப் பாக்கணும்னு புத்தியில ஏறியிருச்சு. வாரத்துக்கு ஒரு பார்சல் வரும். பதினோரு பாக்கெட்டு வச்ச பேண்ட்டு. மெழுகு தேச்ச துணியில ஒரு கோட்டு, அதைச் சித்திரை வெயில்லயும் போடுவான். வேர்த்து ஊத்தும், கழட்டமாட்டான். இரும்புக் கோப்பை, மடக்குக் கத்தி, முதுகுல தொங்குற பை, அந்தப் பையில இருந்து தொங்குற இன்னொரு பை. ஒரு பாக்கெட்டுல திசைகாட்டி வேற. ஏப்பா, சின்னமனூர்ல நின்னா கிழக்க மலை, மேற்க மலை, நடுவுல ஒரே ரோடு. கண்ணை மூடிக்கிட்டுச் சுத்திவிட்டாக்கூட எவனும் தொலையமாட்டான். இவனுக்குத் திசை தெரியணுமாம்!

பொருளைக் குத்தம் சொல்லமாட்டேன், பொய் சொல்லக்கூடாது. ஒருநாள் மாமனார் வீட்டுக் கொடியில அவன் புதுசா வாங்குன பச்சைச் சட்டை காஞ்சுச்சு. யாரும் பாக்காதப்ப தொட்டுப் பாத்தேன். மூணு வரிசைத் தையலு, முழங்கையில ரெட்டைத் துணி, இழுத்தாலும் அசையாத பித்தளைப் பொத்தான். எவனோ பாத்துப் பாத்துத் தச்சிருக்கான். ஈச்ச முள்ளுக்குள்ள மாட்டைத் தேடிப் போறவனுக்கு வேண்டிய சட்டை அது. நான் போட்டிருந்தது தோள்ல கிழிஞ்ச அரைக்கைச் சட்டை. மழைக்கு உரச்சாக்கை ஒரு மூலையில மடக்கித் தலையில கவுத்துக்கிற கொங்காணி. காலுக்கு டயர் செருப்பு. அந்தச் சட்டை மேல எனக்கு ஆசை வந்துச்சு. ஆசை வந்ததுலயே இன்னும் எரிச்சலு.

மூக்கம்மா வேற சும்மா இருக்கமாட்டா. "பவானி வீட்டுக்காரரு எம்புட்டுப் பவுசா உடுத்துறாக. நீங்களும் இருக்கீகளே"ன்னு இடிப்பா. "அவன் உடுத்துறது போட்டோவுக்குடி, நான் உடுத்துறது மாட்டுக்கு"ம்பேன். "மாட்டுக்கே பிடிக்காது"ன்னுட்டு அடுப்படிக்குப் போயிருவா.

போன்ல அவனுக்கு ஒரு பக்கம் இருக்கு. பேரு மலைமகன். கேட்டீகளா கொடுமையை? பெத்த அப்பன் மலையிலயே கிடந்து செத்தாரு, அவரை ஒரு போட்டோ எடுக்கல இவன். ஞாயித்துக்கிழமையானா பைக்குல மேகமலை அடிவாரம் வரைக்கும் போவான். டீக்கடையில டீ குடிப்பான். அதை இரும்புக் கோப்பையில ஊத்தி, புகை பறக்கிறப்ப ஒரு படம். பாறை மேல ஒரு காலை வச்சு ஒரு படம். மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கு வந்துருவான். அதுக்குக் கீழ "காடு என்னை அழைக்கிறது"ன்னு எழுதுவான். காடு இவனை எதுக்குக் கூப்பிடுது, ஜெராக்ஸ் எடுக்கவா?

இதோட நின்னிருந்தா நான் சிரிச்சுக்கிட்டுப் போயிருப்பேன். ஒருநாள் டீக்கடையில நாலு பேரு இவன் உடுப்பைப் பாத்து ஃபாரஸ்ட் ஆபீசருன்னு நினைச்சு எந்திரிச்சு நின்னுட்டாக. "சார், உக்காருங்க"ன்னு பெஞ்சைத் துடைச்சு விட்டாக. இல்லைங்க, நான் ஜெராக்ஸ் கடைக்காரன்னு சொல்லணுமா இல்லையா? சொல்லல. உக்காந்து, தலையை ஆட்டி, டீயைக் குடிச்சிருக்கான். அந்த ருசி பிடிச்சுப் போச்சு.

அடுத்த வாரம் சின்னக்கருப்பைப் பிடிச்சான். சின்னக்கருப்பு எங்க பக்கத்துத் தொழுக்காரரு, அறுபதைத் தாண்டுனவரு, வாயில்லாப் பூச்சி. எல்லைக்கல்லுக்கிட்ட மாட்டோட நின்னவரைப் பாத்து, போனை எடுத்துப் பிடிச்சுக்கிட்டு, "யாருய்யா உன்னைய உள்ள விட்டது?"ன்னு அதட்டியிருக்கான். அந்த மனுசன் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, "இன்னைக்கு ஒருநாள் விட்ருங்கய்யா, கன்னுக்குட்டி தப்பி வந்துருச்சு"ன்னு கெஞ்சுறாரு. அதை அப்படியே போன்ல போட்டு ஊரெல்லாம் பாக்க விட்டுட்டான். ஆயிரம் பேரு சிரிச்சாக.

எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. கடைக்கே போயிட்டேன். "ஏலே, அந்த மனுசன் உங்க அப்பாவோட மாடு மேச்சவருடா"ன்னேன். அவன் பூட்ஸுக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டே, "சும்மா ஜாலிக்குண்ணே. கன்டென்ட்டு. அவருக்கே தெரியாது"ன்னான். தெரியாதாம். தெரியாமக் கும்பிட்டா அது கும்பிடு இல்லையா? தூன்னு துப்பிட்டு வந்தேன். அன்னையில இருந்து பேச்சு வார்த்தை கிடையாது.

இப்ப அந்த ஞாயித்துக்கிழமைக்கு வாறேன். ஐப்பசி மாசம், விட்டு விட்டுத் தூறல். காலையில மாட்டை ஓட்டிக்கிட்டு எல்லைக்கல்லைத் தாண்டிட்டேன். வேற வழியில்ல, தொழுவுல மாடு மண்ணை நக்குது. உள்ள போகையில மணிக்குள்ள புல்லைத் திணிச்சு அடைச்சுருவோம், சத்தம் வராது. செவலைக்கும் அப்படித்தான் அடைச்சிருந்தேன். நரிப்பாறை ஓடைக்கிட்ட மாடு தலை குனிஞ்சு மேயுது. நானும் கொங்காணியைப் போத்திக்கிட்டு உக்காந்துட்டேன்.

ஒரு ஒம்பது மணி இருக்கும். ஓடைக்கு அங்கிட்டு இருந்து, "ஏய்! நில்லு! யாருய்யா அது, நில்லு!"ன்னு சத்தம். நிமுந்து பாத்தா பாறைக்குக் கீழ பச்சைச் சட்டை, தொப்பி. மூஞ்சி தெரியல, தூறலு. அடுத்தாப்புல விசில். விசிலுன்னா விசிலு, காது கிழியிற விசிலு!

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அப்புறம் ரெண்டும் சேர்ந்து ஓடுச்சு. மாட்டைத் திருப்பி அடிச்சு விரட்டுனேன். செவலை மிரண்டு பாறையில இருந்து குதிச்சதுல மணிக்குள்ள இருந்த புல்லு கழண்டு விழுந்துருச்சு. மணி போடுது பாருங்க சத்தம், மலையெல்லாம் கேக்குது. பின்னாடி அவன் என்னென்னமோ கத்துறான். நான் திரும்பவே இல்ல. இருபத்திமூணு உருப்படியையும் தொழுவுல கொண்டாந்து அடைச்சப்புறந்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் பவானி போன் போட்டா. அழுகை. "மாமா, அவுக விடியக் காலையில அஞ்சு மணிக்குக் கிளம்புனாக. மலை மேல இருந்து சூரியன் உதிக்கிறதைப் படம் எடுத்துட்டு ஒம்பது மணிக்குள்ள வந்துருவேன்னு சொன்னாக. இன்னும் வரல. போன் போகவே மாட்டேங்குது. நான் அடிவாரத்துக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன்"ங்கிறா.

"என்ன சட்டை போட்டுப் போனான்?"

"அந்தப் புதுப் பச்சைச் சட்டைதான் மாமா. தொப்பி வச்சிருந்தாக. ஆபத்துன்னா ஊதுறதுக்கு விசிலும் இருக்கு, பயப்படாதேன்னாக."

நான் அப்படியே உக்காந்துட்டேன். அவன் நில்லுன்னது என்னைய மிரட்ட இல்ல, உதவிக்குக் கூப்பிட்டிருக்கான். அந்தக் கிறுக்கனுக்குக் கூப்பிடத் தெரிஞ்ச லட்சணம் அது. கொஞ்ச நாளா ஆபீசரு குரல்ல பேசிப் பேசி, உயிர் போறப்பவும் அதே குரலுதான் வந்திருக்கு.

பவானி ஃபாரஸ்டுல சொல்லிட்டாளாம். அவுக தேடிக்கிட்டு இருக்காக, ஆனா பைக்கு நின்ன பக்கம், அதாவது வடக்க. அவன் கிடக்கிறது நரிப்பாறை, தெக்க. அது எனக்கு மட்டுந்தான் தெரியும். சொல்லணும்னா, காலையில நான் அங்கன இருந்தேன்னும் சொல்லணும். சொன்னா மாடு போச்சு, இருபத்திமூணும் போச்சு.

மூக்கம்மாகிட்டச் சொன்னேன். "தேடுறாகல்ல, எப்படியும் கண்டுபிடிச்சுருவாக. அந்தப் பயலுக்காக நான் எதுக்கு..."

அவ முடிக்க விடல. "அவுக ஃபாரஸ்ட்காரரு மாதிரி வேசம் போட்டாக. நீங்க இம்புட்டு நாளும் மனுசன் மாதிரியா வேசம் போட்டீக?"ன்னா. சுருக்குன்னு தச்சிருச்சு. கொங்காணியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். யாருக்கும் தெரியாம நானே போயித் தூக்கிட்டு வந்து, எல்லைக்கல்லுக்கு வெளிய கிடந்தான்னு சொல்லிருவோம்னு ஒரு கணக்கு.

ஒத்தை ஆளா தூக்க முடியாது. சின்னக்கருப்பைக் கூப்பிட்டேன். விசயத்தைச் சொன்னதும் அவரு மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே. "பத்து மணி வாக்குல எனக்கும் விசில் சத்தம் கேட்டுச்சுய்யா. பச்சைச் சட்டையைப் பாத்தேன். நானும்தான் ஓடியாந்துட்டேன்"னாரு. அப்புறம் அரிவாளை இடுப்புல சொருகிக்கிட்டு எனக்கு முன்னாடி நடந்தாரு.

நாங்க போயிச் சேர ரெண்டு மணி ஆயிருச்சு. அந்தக் கோலத்தை நீங்க பாத்திருக்கணும். பச்சைச் சட்டையைக் காணோம். கத்தியால கிழிச்ச பதினோரு பாக்கெட்டுப் பேண்ட்டு ஒரு புதருல கிடக்கு. தொப்பி ஓடையில மிதந்து போயிருச்சு. மலைமகன் பனியனும் ஜட்டியுமா, குளுருல பல்லு கிடுகிடுன்னு அடிக்க, பாறையில சாஞ்சு கிடக்கான். தொடையெல்லாம் அட்டை. காலுல அந்த ஒத்தைப் பூட்ஸு மட்டும் அப்படியே இருக்கு. கணுக்கால் பிசகி உள்ளயே வீங்கிருச்சு, கழட்ட முடியல. பாசிப் பாறையில வழுக்கியிருக்கான். டிராக்டர் டயர் பல்லு என்னத்தைப் பிடிச்சுச்சோ!

"ஏண்டா துணியை அவுத்துப் போட்ட?"ன்னேன்.

"ரெண்டு பேரு வந்தாக, ரெண்டு பேரும் என்னையப் பாத்துட்டு ஓடிட்டாகண்ணே"ன்னான். பீத்தலு இல்ல, படம் காட்டுற பேச்சு இல்ல, பொட்டிப்புரத்துப் பேச்சு வந்துருச்சு. "எதுக்கு ஓடுறாகன்னு அப்புறந்தான் புரிஞ்சுச்சு. அதான் கழட்டிட்டேன்."

சின்னக்கருப்பு குனிஞ்சு அவன் மூஞ்சியைப் பாத்தாரு. அவனால நிமுர முடியல. மெதுவா, அதட்டாம, அவரு கேட்டாரு: "யாருய்யா உன்னைய உள்ள விட்டது?"

அவன் பொங்கிப் பொங்கி அழுதான். எனக்கு மனசுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு, மறைக்க என்ன இருக்கு? சின்னக்கருப்பு அரிவாளை வச்சுப் பூட்ஸை மேல இருந்து கீழ வரைக்கும் கிழிச்சாரு. ரெட்டைத் தையலு, தோலு அரிவாளுக்கே சண்டை கட்டுச்சு. நல்ல பூட்ஸுதான், பாவம். அப்புறம் தன் தலையில இருந்த கொங்காணியை எடுத்து அவன் மேல போத்துனாரு. புகையிலையை வாயில அதக்கி, அந்தச் சாறை அட்டை மேல துப்பித் துப்பி உதுத்து விட்டாரு. இன்னைக்கு வரைக்கும் எனக்கு அந்த மனசு வரல.

மாறி மாறி முதுகுல தூக்கிக்கிட்டு இறங்குனோம். எல்லைக்கல்லைத் தாண்டி ஒரு பத்தடியில அவனை இறக்கி உக்கார வச்சிட்டு ஆளைக் கூப்பிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வடக்க தேடி முடிச்சு எதிர்ல ஆளுக வந்துட்டாக. பவானி ஓடி வாறா. அவ பின்னாடி ரெண்டு வாச்சரு, கூட ஜெபராணி மேடம். ஃபாரஸ்ட் கார்டு அவுகதான். நிஜமான பச்சைச் சட்டை, சாயம் போனது. காலுல சாதாரண கேன்வாஸ் ஷூ, நுனியில விரல் தெரியுது. எனக்கு ரெண்டு தடவையும் கேஸ் எழுதுன கை அவுகளோடதுதான்.

"எங்க கிடந்தாரு?"ன்னு என்னையப் பாத்து நேராக் கேட்டாக.

போட்டு வச்ச கணக்கு ஒண்ணும் வாயில வரல. எல்லைக்கல்லுக்கு உள்ள இருந்து நாங்க இறங்குனதை அவுக பாத்தாகளோ என்னமோ. சின்னக்கருப்பு தரையைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. மாடு பூராவும் வரிசையா லாரியில ஏறுற மாதிரி என் கண்ணு முன்னாடி ஓடுது.

அப்பத்தான் மலைமகன் வாயைத் திறந்தான். "இந்தக் கல்லுகிட்டதான் மேடம். நான் உள்ள, மேல பாறையில வழுக்கிட்டேன். அஞ்சு மணி நேரம் தவழ்ந்தே இறங்கி வந்தேன். இவுகளுக்கு என் வீட்டுக்காரி போன் பண்ணியிருக்கா, இங்கன வந்து என்னையத் தூக்குனாக."

ஜெபராணி மேடம் அவன் முழங்காலைப் பாத்தாக. ஒரு சிராய்ப்பு கிடையாது. எங்க காலைப் பாத்தாக. தொடை வரைக்கும் ஓடைச் சேறு. அப்புறம் நோட்டை எடுத்து, உத்தரவு இல்லாமக் காட்டுக்குள்ள போனதுக்கு அவன் பேருல மட்டும் எழுதிக்கிட்டு, "காலுக்குக் கட்டுப் போடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாக.

மாடு தப்பிச்சுருச்சு. சந்தோசப்படணும்ல? எனக்கு வயித்தெரிச்சல். அவன் பீத்துன பீத்தலுல என் மாடு தப்பிச்சிருக்கு, அதுக்கு இவனுக்கு நான் கடமைப்படணுமா? நினைச்ச மாதிரியே ஆச்சு. கட்டு போட்ட காலை முக்காலியில தூக்கி வச்சுக்கிட்டு வீடியோ போட்டுட்டான். "ஒரு காலோடு காட்டை வென்ற கதை." தவழ்ந்தானாம், நட்சத்திரத்தைப் பாத்து வழி கண்டானாம். பகல்ல! பாக்கிறவனுக்கும் புத்தி இல்ல, பத்தாயிரம் பேரு கை தட்டியிருக்கான்.

தையில ஜெயமங்கலத்துல ஒரு காதுகுத்து. சொந்தபந்தம் பூரா வந்திருந்தாக. பந்தல்ல சுத்தி நாப்பது பேரு, நடுவுல அவன் கதை ஓடுது. புதுசா ஒரு சட்டை, மண்ணு நிறம். தவழ்ந்த தூரம் ரெண்டு கிலோமீட்டருல இருந்து நாலு ஆயிருச்சு. என்னையப் பாத்ததும் கையை நீட்டி, "நம்பலைன்னா பொன்னுராஜ் அண்ணனைக் கேளுங்க. அண்ணே, கல்லு பக்கத்துல தானண்ணே கிடந்தேன்?"ன்னான்.

நாப்பது தலையும் திரும்புது. மாமனாரு பாக்கிறாரு. மூக்கம்மா பாக்கிறா. "ஆமா"ன்னேன். வாயெல்லாம் கசந்துச்சு. இப்படி ஒரு பயலுக்குச் சாட்சி சொல்ற பொழப்பாப் போச்சேன்னு பந்தியை விட்டுப் பாதியில எந்திரிச்சு கை கழுவப் போயிட்டேன்.

கொஞ்ச நேரத்துல பின்னாடியே நொண்டிக்கிட்டு வந்தான். காலுல ரப்பர் செருப்பு. குழாயைத் திறந்து கையை நனைச்சுக்கிட்டே, என் பக்கம் பாக்காம, மெதுவாப் பேசுனான்.

"அண்ணே, அப்பாவோட காளை மணியைக் கழட்டிருங்க. கீறல் மணி. அன்னைக்கு ஓடைக்கு அங்கிட்டு வரைக்கும் கேட்டுச்சு. எனக்குத் தெரியுற மாதிரி ஜெபராணி மேடத்துக்கும் ஒருநாள் தெரிஞ்சுரும்."

நான் குழாயை அடைச்சேன்.

"மணிச் சத்தத்தைக் கேட்டதும்தான் நீங்கன்னு தெரிஞ்சுச்சு. அண்ணே, அண்ணேன்னு கூப்பிட்டேன். ஓடைச் சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது"ன்னான். துண்டுல கையைத் துடைச்சுக்கிட்டுப் பந்தலுக்குப் போயிட்டான்.

கேட்டுச்சு. முன்னாடி சொல்றப்ப என்னென்னமோ கத்துனான்னு உங்ககிட்டயும் மழுப்பிட்டேன். விசிலுக்கு அப்புறம் ரெண்டு தடவை, அண்ணேன்னு. ஃபாரஸ்ட்காரன் எவன் என்னைய அண்ணேன்னு கூப்பிடப் போறான்னு அப்பவே மனசுல பட்டுச்சு. அது யாரு குரலுன்னும் பட்டுச்சு. பட்டும்தான் மாட்டை அடிச்சு விரட்டுனேன்.

பந்தல்ல இருந்து மறுபடியும் கூப்பிடுறான். புதுசா யாரோ வந்திருக்காக போல, கதை முதல்ல இருந்து ஓடுது. "அண்ணே, வாங்கண்ணே, வந்து இவருகிட்டயும் சொல்லுங்க!"

ஈரக் கையை வேட்டியில துடைச்சுக்கிட்டுப் போயி, அவன் பக்கத்துல நின்னு, ஆமான்னு சொன்னேன்.